தாய்ப் பத்திரம்

காலடிப்பேட்டையில் எங்கள் ஆயா வாழ்ந்த வீட்டை விற்றுவிடலாம் என்று மாமாக்கள் முடிவெடுத்தபோது, வாங்க வந்தவர் முதலில் கேட்டது தாய்ப் பத்திரத்தை. ஒரு சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்லும் மூலப் பத்திரத்தை நம் ஊரில் அப்படித்தான் அழைக்கிறோம். அம்மா தகரப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அதில் தாத்தாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், விற்றவரின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், பத்திரம் எழுதியவரின் பெயர், சாட்சிகள் இருவரின் பெயர் என்று மொத்தம் ஏழு ஆண்கள் இருந்தார்கள். காசிமேட்டில் விடியுமுன் ஏலம் எடுத்து, கூடை சுமந்து, தெருத்தெருவாக மீன் விற்று அந்த மனைக்குப் பணம் சேர்த்த ஆயா ஒரு வரியிலும் இல்லை. கடைசிப் பத்தியில் இந்தச் சொத்தைப் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாக’ ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதியிருந்தது. மகன், பிறகு மகனுக்கு மகன், அப்படியே வழிவழியாக.

அம்மாவை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தன் பங்கை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் விடுதலை. “பொம்பளைப் பிள்ளைக்குத்தான் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சே” என்றார் பெரிய மாமா. அம்மா பதில் சொல்லவில்லை. பத்திரத்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். அந்த வாரம் முழுக்க என் மனம் அந்தச் சொல்லையே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்குத் தாய்ப் பத்திரம் இருப்பதுபோல ஒரு ஊருக்கும் இருக்குமா? ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தக் கரை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது? ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் நிலம் வாங்கும்போது அங்கே வாழும் பெண்கள் அந்தக் கணக்கில் எங்கே எழுதப்படுகிறார்கள்?

கவுலும் குத்தகையும்

சென்னையை வெள்ளைக்காரன் விலைக்கு வாங்கினான் என்று சிறுவயதில் கேட்டிருப்போம். நடந்தது கிரயம் அல்ல. 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். கோட்டை கட்டிக்கொள்ளலாம், வணிகம் செய்யலாம், ஊரின் வருமானத்தில் பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பிறகு இந்தப் பகுதி கோல்கொண்டா ஆட்சிக்குள் வந்தது. 1672இல் ஆண்டுக்கு 1200 வராகன் என்று வாடகை நிர்ணயமானது. 1676இல் திருவல்லிக்கேணியை ஆண்டுக்கு 50 வராகனுக்குக் குத்தகைக்குப் பிடித்தார்கள். அதாவது கம்பெனி நெடுங்காலம் இங்கே குடக்கூலிக்கு இருந்தது. குடக்கூலிக்கு வந்தவர் வீட்டுக்காரராக ஆன கதைதான் நம் நகரத்தின் கதை.

இந்த முதல் பத்திரத்தில் வரும் பெயர்களையும் எண்ணிப் பார்த்தேன். கொடுத்தவர் நாயக்கர், வாங்கியவர் டே. மேலதிகாரி ஆண்ட்ரூ கோகன், இடையில் நின்று பேசியவர் துபாஷி பேரி திம்மண்ணா. ஊருக்கு வைத்த பெயரோ நாயக்கரின் தகப்பனார் சென்னப்பருடையது. இந்தத் தொடக்கக் கதைக்குள் ஒரே ஒரு பெண் வருகிறாள், அவளும் வதந்தியாக. இந்தியக் கடல்களில் வணிகம் செய்த அலெக்சாண்டர் ஹாமில்டன் 1727இல் வெளியிட்ட நூலில், சாந்தோமில் டேக்கு ஒரு காதலி இருந்தாள், அவளை அடிக்கடி சந்திக்க வசதியாகத்தான் இந்த அலைமோதும் கரையை அவர் தேர்ந்தெடுத்தார் என்று எழுதிவைத்தார். அவளுக்குப் பெயரில்லை, ஊரில்லை, ஒரு சொல் பேச்சுக்கூட இல்லை. துணி மலிவாகக் கிடைத்ததும் நாயக்கர் சலுகை தந்ததுமே டே இங்கே வந்ததற்குப் போதுமான காரணங்கள். ஆனாலும் முந்நூறு ஆண்டுகளாக அந்தக் கதை ஓய்ந்தபாடில்லை. அலையடிக்கும் கரையில் நகரம் கட்டிய முட்டாள்தனத்துக்குப் பழி சுமக்க ஒரு பெண் தேவைப்பட்டாள் போலும்.

அடுத்தடுத்த பத்திரங்கள் நேராக நம் தெருக்களுக்கு வந்துவிடுகின்றன. 1693இல் முகலாயர் தரப்பிலிருந்து எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை கம்பெனிக்குக் கிடைத்தன. 1708இல் திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்கள். அவை நவாபுடன் தகராறில் சிக்கி, 1717இல் பேரரசர் பரூக்சியர் தந்த பர்மானால் உறுதியாயின. 1742இல் வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையங்குப்பம். இன்று 56 நம்பர் பேருந்து நடத்துநர் கூவும் பெயர்கள்போல இவை கம்பெனிக் கணக்கில் வரிசையாக நிற்கின்றன.

ஊரைப் பெற்றதும் கம்பெனி நெசவாளர்களைத் தேடியது. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட் திருவொற்றியூர் அருகே நெசவாளர் குடியிருப்பு ஒன்றை ஏற்படுத்தினார். காலட்பேட்டை என்பதுதான் வாய்வழக்கில் காலடிப்பேட்டை ஆனது. ஆயா வீட்டு முகவரியில் ஒரு வெள்ளைக்கார கவர்னர் இருக்கிறார் என்பது ஆயாவுக்குத் தெரியாது. ஏதோ சாமியின் காலடி பட்ட இடம் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தறியில் உட்கார்ந்த ஆண்களின் தொழில் கம்பெனிக் கணக்கில் ஏறியது. அந்தத் தறிக்கு நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே, வீட்டுத் திண்ணையில் நடந்த வேலை அது. லண்டனுக்குப் போன துணி மூட்டை ஒவ்வொன்றிலும் அவர்களின் விரல் இருந்தது.

முன்பு எல்லாம் நன்றாக இருந்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. திருவொற்றியூர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார்கள் கொடையாளிகளாகப் பெயரோடு வருகிறார்கள். அதே காலத்தில் பெண்களைக் கோயில்களுக்கு விற்ற கல்வெட்டுகளும் தமிழ்நாட்டில் உண்டு. வடக்கே பழவேற்காடு, டச்சுக்காரர்கள் வந்திறங்கிய 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விசயநகரப் பேரரசர் வேங்கடரின் அரசியர் ஒருவரின் பொறுப்பில் இருந்தது. ஒரு பெண் ஆண்ட ஊரில்தான் ஜெல்டிரியா கோட்டை எழுந்தது. அந்த நூற்றாண்டிலேயே பஞ்ச காலங்களில் அடிமைகளாக வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பழவேற்காடு வழியாகக் கப்பலேற்றப்பட்டு பத்தேவியாவுக்குப் போனார்கள். அரியணையில் ஒரு பெண் இருந்தது கரையில் நின்ற பெண்ணைக் காப்பாற்றவில்லை.

குண்டு விழுந்த தூரம்

தமிழ்க் கரையில் காசு கொடுத்து வாங்கிய நிலம் என்றால் கடலூரைச் சொல்ல வேண்டும். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே மனிதர். அந்தக் கிரயத்தின் எல்லை விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை வாங்கியவருக்குச் சொந்தம். நல்ல பீரங்கியாகப் பார்த்து நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது.

நம் பத்திரங்களில் நான்கு எல்லை எழுதுவோம். கிழக்கே இன்னார் மனை, மேற்கே தெரு, வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் தோட்டம். எல்லை என்றால் அண்டை வீட்டாரின் பெயர். கடலூரில் அந்த இடத்தை வெடிமருந்து எடுத்துக்கொண்டது. அன்று காலை தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போனவள், குண்டு அந்தப் பக்கம் விழுந்ததால் ஒரு ராஜாவின் குடியிலிருந்து ஒரு கம்பெனியின் குடியானாள். அவளுக்கு யாராவது சொன்னார்களா?

சீதனமாகப் போன ஊர்

பம்பாய் வேறு வகைப் பத்திரம். 1661இல் போர்ச்சுகல் இளவரசி கத்தரீனாவுக்கும் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லசுக்கும் திருமணம் நிச்சயமானபோது, பெண் வீட்டார் கொடுத்த சீதனத்தில் பம்பாயும் வட ஆப்பிரிக்காவின் தாஞ்சியரும் இருந்தன. 1668இல் சார்லஸ் பம்பாயை ஆண்டுக்குப் பத்து பவுன் வாடகைக்குக் கம்பெனியிடம் விட்டுவிட்டார். ஸ்திரீதனம் பெண்ணின் சொத்து என்பது நம் பழைய சட்ட நூல்களே ஒப்புக்கொண்ட விஷயம். கத்தரீனாவின் சீதனமோ அவர் கண்ணில் படாமலே புருஷன் கைக்குப் போய், அங்கிருந்து வியாபாரிகள் கைக்குப் போனது. அரச குடும்பத்துப் பெண்ணுக்கே இதுதான் கதி என்றால் பம்பாய்த் தீவின் கோலி மீனவப் பெண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாமா சொன்ன ‘கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு’ எனக்கு இங்கே நினைவுக்கு வந்தது. செய்தது யாருக்கு என்பதுதான் கேள்வி.

பன்னிரண்டரை லட்சம்

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ஊரை முறையாக விலைபேசி விற்றதற்கு நம்மிடம் உள்ள தெளிவான சான்று தரங்கம்பாடி. 1620இல் டென்மார்க்கின் ஓவ கெடே, தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். நாயக்கரின் மடல் தங்க ஏட்டில் எழுதப்பட்டது. அது இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனியர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706இல் சீகன்பால்கு வந்தார், அச்சகம் வந்தது, பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் வந்தது.

நெப்போலியன் காலப் போர்களில் ஆங்கிலேயர் தரங்கம்பாடியை இருமுறை கைப்பற்றினார்கள். 1815இல் திருப்பிக் கொடுத்தபோது வணிகம் படுத்துவிட்டிருந்தது. மான்செஸ்டர் துணி வந்தபின் நம் துணிக்கு ஏது கிராக்கி? டென்மார்க்குக்கு இந்த ஊர்கள் செலவாகத் தெரிந்தன. 1845 பிப்ரவரி 22இல் கல்கத்தாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தரங்கம்பாடி, வங்காளத்தின் செராம்பூர், பாலசோரில் ஒரு சிறு இடம் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய். அந்த ஆண்டு நவம்பரில் தரங்கம்பாடியில் டேனியக் கொடி இறங்கி ஆங்கிலக் கொடி ஏறியது.

பத்திரம் எழுதியவர்கள் கவனமானவர்கள். செராம்பூர் கல்லூரிக்கு டேனிய அரசர் 1827இல் தந்திருந்த பட்டயத்தின் உரிமைகள் தொடர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இடம்பெறச் செய்தார்கள். அந்தப் பாதுகாப்பால் அந்தக் கல்லூரி இன்றும் இறையியல் பட்டம் வழங்குகிறது. ஒரு வரி எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. அந்த மேசையில் தரங்கம்பாடி ஊரார் ஒரு தரப்பாக உட்காரவில்லை. விற்றவர் ஒரு ராஜா, வாங்கியது ஒரு கம்பெனி. கரையில் கருவாடு காயவைத்தவளும், வலைக்கு நூல் முறுக்கியவளும், மிஷன் பள்ளியில் எழுத்துப் படித்தவளும் அந்தப் பன்னிரண்டரை லட்சத்துக்குள் அடக்கம். பிறகு 1860இல் மாவட்டத் தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போனது. தரங்கம்பாடி மெல்ல ஓய்ந்தது.

பணமே இல்லாமல் பரிவர்த்தனையும் நடந்திருக்கிறது. 1824 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் சுமத்ராவின் பென்கூலனை டச்சுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு மலாக்காவோடு இந்தியாவிலிருந்த டச்சு இடங்களைப் பெற்றார்கள். பழவேற்காடு அப்படித்தான் மறுபடி கைமாறியது.

தீவுகளின் ராணிகள்

டென்மார்க் விற்பதை நிறுத்தவில்லை. 1868இல் நிக்கோபார் தீவுகளையும் ஆங்கிலேயரிடம் விட்டது. 1917இல் கரீபியன் கடலிலிருந்த தன் மூன்று தீவுகளை இரண்டரைக் கோடி டாலர் தங்கத்துக்கு அமெரிக்காவிடம் விற்றது. விற்பதா வேண்டாமா என்று 1916இல் டென்மார்க்கில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. தீவுகளில் வாழ்ந்தவர்களுக்கு அதில் வாக்கு இல்லை.

அந்தத் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயில் 1878இல் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அடிமைமுறை ஒழிந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் கூலியும் ஒப்பந்தமும் அவர்களைத் தோட்டத்திலேயே கட்டிவைத்திருந்தன. போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் மேரி, ஆக்னஸ், மத்தில்டா ஆகிய தொழிலாளிப் பெண்கள். மக்கள் அவர்களை ராணி என்று அழைத்தார்கள். அரசு பிடித்துக் கோபன்ஹேகன் சிறைக்கு அனுப்பியது. நாம் வாழும் மண் எங்களுக்கு என்று எழுந்த பெண்கள் சிறையில், அந்த மண்ணோ நாற்பது ஆண்டுக்குள் சந்தையில். 2018இல் கோபன்ஹேகனில் ராணி மேரிக்குப் பிரமாண்டமான சிலை வைத்தார்கள்.

அமெரிக்கா 1803இல் ஒன்றரைக் கோடி டாலருக்குப் பிரான்சிடம் லூயிசியானாவையும், 1867இல் 72 லட்சம் டாலருக்கு ரஷ்யாவிடம் அலாஸ்காவையும் வாங்கியது. பாடநூல்கள் இவற்றை மலிவான கொள்முதல் என்று வியக்கின்றன. வகுப்பில் மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: விற்றவர்களுக்கு அது எப்படிச் சொந்தமானது? லூயிசியானாவின் பெரும்பகுதியில் பிரெஞ்சுக்காரர் கால் வைத்ததே இல்லை. அங்கே பழங்குடிகள் வாழ்ந்தார்கள். பிரான்ஸ் விற்றது, வேறு ஐரோப்பிய நாடு இங்கே வரக்கூடாது என்னும் உரிமையை மட்டும். அலாஸ்கா ஒப்பந்தம் அங்கிருந்த ரஷ்யக் குடிகளுக்குக் குடியுரிமை தந்தது. ‘நாகரிகமற்ற’ பழங்குடிகள் என்று சொல்லி மண்ணின் மக்களை அதிலிருந்து விலக்கிவைத்தது. பட்டா இல்லாத நிலத்தை விற்றால் நம் ஊரில் அதற்கு வேறு பெயர். நாடுகள் செய்தால் வரலாறு.

கடல் எடுத்ததும் காகிதம் எடுத்ததும்

வாங்கிய நிலத்தை என்ன செய்தார்கள் என்பதை ராயபுரத்திலிருந்து வடக்கே நடந்தால் பார்க்கலாம். 1856இல் ராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. ராயபுரம் முதல் எண்ணூர்வரை குப்பங்களின் தெருக்கள் கடலுக்குள் போயின. இன்று அங்கே மணலுக்குப் பதில் கருங்கல். ஆயா பிறந்த வீடு திருவொற்றியூர் குப்பத்தில் இருந்ததாம். எங்கே என்று கேட்டால் கல்லுக்கு அப்பால் அலையைக் காட்டுவார். “அங்க தாம்மா, அந்த நுரை வருது பாரு, அதுக்கும் அந்தாண்ட.” அந்த வீட்டுக்குப் பத்திரம் இருந்ததில்லை. அதனால் இழப்பீடும் இல்லை. கடல் எடுத்த பிறகுதான் காலடிப்பேட்டையில் மனை வாங்க ஆயா துட்டு சேர்க்க ஆரம்பித்தார்.

அதற்கும் வடக்கே, 1708 பட்டியலிலிருந்த கத்திவாக்கத்தின் பக்கம், எண்ணூர்க் கழிமுகம். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர் துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். வருவாய்க் கணக்கில் நீர்நிலைக்கும் கரைக்கும் புறம்போக்கு என்று பெயர். யாருக்கும் பட்டா இல்லாத இடம் என்பதால் யாரும் இல்லாத இடமாக எடுத்துக்கொள்வது எளிது. சாம்பல் படிந்து ஆழம் குறைந்தால் முதலில் வேலை இழப்பவர் படகு இல்லாத பெண்.

இங்கேயும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. பழவேற்காட்டுப் பக்கம் எந்தக் குடும்பம் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று முறைவைக்கும் ‘பாடு’ வழக்கம் இருக்கிறது. காகிதம் இல்லாமலே தலைமுறைகளாக நடக்கும் நேர்த்தியான ஏற்பாடு. அந்தப் பாடு ஆண்களின் பெயரில்தான். சாதியும் அதில் உண்டு. கம்பெனியின் பத்திரமும் ஊரின் வாய்மொழியும் ஒத்துப்போகிற இடம் இது ஒன்று.

சட்டம் மெதுவாக அசைந்தது. 1956 வாரிசுரிமைச் சட்டம் தகப்பன் சம்பாதித்த சொத்தில் இந்து மகளுக்கும் பங்கு தந்தது. பூர்வீகச் சொத்திலும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் செய்தது. ஆனால் அதற்கு முன் மணமான பெண்களை விட்டுவிட்டது. 2005இல் நாடு முழுமைக்கும் திருத்தம் வந்தபின்தான் அந்த வேறுபாடு நீங்கியது. சட்டம் கொடுத்ததை வீட்டுக் கூடத்தில் திருப்பி வாங்கும் கருவிதான் விடுதலைப் பத்திரம்.

அம்மா அதில் கையெழுத்துப் போடவில்லை. அழவும் இல்லை, சண்டையும் போடவில்லை. “நானும் விக்கிறவங்கள்ல ஒருத்தியா வரேன், எம் பங்கு எனக்கு வரட்டும்” என்று மட்டும் சொன்னார். சின்ன மாமா இரண்டு மாதம் பேசவில்லை. பத்திரம் எழுதுபவர் சொத்து வந்த விவரத்தை வாசித்தபோது அம்மா நிறுத்தினார். “அப்பா வாங்கினதா எழுதியிருக்கீங்க. அம்மா மீன் வித்த காசில வாங்கினது. அதை எழுதுங்க.” அதனால் சட்டப்படி எந்த மாற்றமும் வராது, வழக்கமும் இல்லை என்றார் அவர். “மாற்றம் வரலைன்னா எழுதறதுல என்ன கஷ்டம் சார்?” என்றார் அம்மா. அவர் சிரித்துவிட்டு எழுதினார். பெரிய மாமா ஒன்றும் சொல்லவில்லை. கூடை சுமந்ததை அவரும் பார்த்தவர்தானே.

இனி அந்த வீட்டை வாங்கியவர் என்றைக்காவது விற்கப் போனால், தாய்ப் பத்திரம் கேட்பவர் கையில் போய்ச் சேரும் காகிதத்தில் ஆயாவின் பெயர் இருக்கும். தந்தை பெயரோடு, கணவர் பெயரோடு, அவர் செய்த தொழிலோடு. கவர்னர் காலட்டின் பெயரைத் தாங்கும் பேட்டையில் அவருக்கும் ஒரு வரி.